நம்பிக் கொடுத்த வேலை

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்தபோது, பின்னாளில் கணித மேதையான ராமானுஜனிடம் பள்ளி ஒரு வேலையை ஒப்படைத்தது. சுமார் 1,200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள். யாருக்கு எந்த வகுப்பு, எந்த நேரம் என்று இடிக்காமல் பிரித்துப் போட வேண்டும். இன்றைக்கும் பள்ளி திறக்கும் மாதத்தில் ஆசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் வேலை அது. அதற்கு அந்த மாணவர் கைகொடுத்தார்.

1904-இல் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்குக் கிடைத்தது. இவருக்கு முழு மதிப்பெண்ணும் போதாது என்றார் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர். அதே ஊர்க் கல்லூரியில் சேர்ந்ததும் மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். வராத பாடங்களைக் கல்லூரித் தேர்வு எண்ணியது; வருகிற ஒன்றைப் பள்ளி முன்பே கண்டுகொண்டிருந்தது.

சிற்றூர்ப் பள்ளிகளின் பலகையில் ஆண்டுதோறும் மதிப்பெண்ணில் முதல் மூன்று பெயர்கள் ஏறுகின்றன. ஏறட்டும். கூடவே, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையிடம் விளையாட்டு விழாவின் போட்டி அட்டவணையையும், படம் வரைகிற பிள்ளையிடம் ஒரு வெற்றுச் சுவரையும் கொடுத்துப் பாருங்கள். பெரியவர்கள் நம்பிக் கொடுக்கும் வேலையில்தான், தன்னால் என்ன முடியும் என்பது பிள்ளைக்கே தெரியவரும்.