கையிலிருந்து கைக்கு

யந்திரம் செய்த பொருளுக்கு அழிவு உண்டா? ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர், "இல்லை" என்று சாதித்தார். "வரைபடம் பத்திரமாக இருந்தால் போதும், ஸார். ஐம்பது வருஷம் கழித்துக்கூட அதே பல்சக்கரத்தை மயிரிழை பிசகாமல் செய்து தருவோம்" என்றார். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் புறப்படத் தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமே இந்த நம்பிக்கையின் மீதுதான் எழுந்து நிற்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால், வரைபடத்தில் அடங்காத செல்வங்களும் உலகில் உண்டு.

இங்கிலாந்தில் 'ஆஷ்மீட்ஸ் கெர்னல்' என்று ஓர் ஆப்பிள். 1700-ஐ ஒட்டி க்ளாஸ்டர் நகரில் தோன்றியது. சொரசொரத்த பழுப்புத் தோல். பார்த்தவுடன் கை நீளாது. அக்டோபரில் பறித்து வைத்தால் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் சுவை கூடும். அதன் விதையை ஊன்றினால் அதே மரம் வராது, வேறொன்று வரும். ஒட்டுக்கட்டும் மனிதர்கள் தலைமுறைதோறும் இருந்ததால்தான் அது முந்நூறு ஆண்டுகள் பிழைத்தது.

நமது விருப்பாட்சி மலைவாழையும் அப்படித்தான். பழனி மலையின் கீழ்ச் சரிவுகளில், காப்பிச் செடிகளுக்கு நிழல் தந்து, மழையை மட்டும் நம்பி வளர்வது அது. சதையில் நீர் குறைவு. பழனிப் பஞ்சாமிர்தம் நாள்பட இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் முளைக்கும் விதை கிடையாது. தாய்மரத்தின் பக்கக்கன்றைப் பெயர்த்து நட ஒரு கை வேண்டும்.

அந்தக் கையே ஒரு காலத்தில் எமனாகவும் வந்தது. அசுவினிப் பூச்சி பரப்பிய முடிக்கொத்து நோய், கன்றுக்குள் ஒளிந்துகொண்டு தோட்டம் தோட்டமாகப் போயிற்று. கொடுத்தவர் அன்போடுதான் கொடுத்தார். வாங்கியவர் நம்பித்தான் நட்டார். பெருவாரியான தோட்டங்கள் அழிந்தன. பிறகு, நோயற்றவை என்று சோதித்தறிந்த கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் பெருக்கி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் மீண்டும் மலையேற்றினார்கள். 2008-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நாணயமும் விருந்தோம்பலும் இந்த ஜாதிச் செல்வங்களே என்று எனக்குத் தோன்றுகிறது. ஏட்டில் எழுதி வைத்ததால் மட்டும் அவை பிழைப்பதில்லை. வீட்டில் ஒருவர் வாழ்ந்து காட்ட வேண்டும். அடுத்தவர் அதைக் கண்டு பழக வேண்டும். இடையில் ஒரு தலைமுறை சோம்பினால், அதற்கு முன்னிருந்த அத்தனை தலைமுறைகளின் உழைப்பும் வீண்.

ஆனால் பாட்டனாரின் நாணயத்தோடு அவருடைய சாதிச் செருக்கும் அதே கன்றில் வந்துவிடலாம். பழமை என்பதற்காக அதையும் போற்றி நடுவது பக்தியல்ல. தோட்டத்துக்கே செய்யும் துரோகம். நோய்க்குப் பயந்து கன்றையே வீசி எறிவதும் அறிவாகாது. சோதித்து, நோயைக் களைந்து, நல்லதை அடுத்த கையில் கொடுக்க வேண்டும். வாரிசு என்ற பெயருக்கு அவ்வளவு உழைப்புத் தேவைப்படுகிறது.