கறுவாக் கணக்கில் கடவுள்

1

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் வுல்வெண்டால் தேவாலயத்துக்குள் சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன். ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி, 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தது. சுவர்கள் அவ்வளவு தடிப்பு. வெளியே காயும் வெயில் உள்ளே எட்டுவதில்லை. கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டிருந்த ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களை 1813இல் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். காலடியில் பெரிய மனிதர்களின் கற்கள். எல்லோரும் ஒரு கம்பனியின் சம்பளக்காரர்கள். கறுவாவுக்காகக் கடல் கடந்து வந்தவர்கள்.

2

மரத்தின் பட்டை ஒன்றுக்காக 1655இல் கொழும்பை முற்றுகையிட்டார்கள். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த போர்த்துக்கேயர் 1656 மே 12ஆம் தேதி நகரைக் கையளித்தார்கள். பிறகு கறுவா வணிகம் முழுவதும் கம்பனிக்கே சொந்தம். களவாக மரத்தை வெட்டியவனுக்கும் பட்டையை விற்றவனுக்கும் மரண தண்டனை வரை போகலாம். பட்டை உரித்த சலாகம சாதியாருக்கோ அது தலைமுறை தலைமுறையாகச் செலுத்தவேண்டிய ஊழியம்.

3

1658இல் இன்னொரு கட்டளை: கத்தோலிக்கக் குருவுக்கு ஒளிய இடம் கொடுத்தால் மரண தண்டனை. கறுவாவுக்கும் குருவுக்கும் ஒரே தண்டனை என்பதை முதலில் வாசித்தபோது வியப்பாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் வியக்க ஒன்றுமில்லை. கம்பனிக்கு அந்தக் குரு வேதம் போதிப்பவர் அல்லர், போர்த்துக்கேயரின் ஒற்றர். அவர் பூசை வைக்கும் வீட்டில் நாளைக்குக் கலகம் பிறக்கலாம், கலகம் பிறந்தால் கறுவா போய்விடும்.

கோவாவில் இருந்து யோசேவ் வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பின்னர் 1692இல் கண்டிக்குப் போனபோது, அங்கேயும் போர்த்துக்கேய ஒற்றர் என்றுதான் சிறை வைத்தார்கள். ஆனால் கண்டியின் பௌத்த அரசன் ஆளை அறிந்து விடுவித்துப் பாதுகாப்பும் கொடுத்தான். 1711இல் கண்டியிலேயே காலமானார்.

4

இதே கம்பனி செய்த வேறொரு காரியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கண்டியில் உபசம்பதா என்னும் முழுத் துறவு நிலை பெற்ற பிக்குகள் இல்லாமல் போயினர். நாயக்கர் வம்சத்து அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சியாமில் இருந்து பிக்குகளை வரவழைக்க விரும்பினான். கப்பல் கொடுத்தது ஒல்லாந்தக் கம்பனி. 1753இல் உபாலி தேரர் வந்திறங்கினார். நான்கு வருடம் கழித்து வுல்வெண்டாலில் மணி அடித்தது.

ஒரு கையால் தங்கள் திருச்சபைக்குக் கோயில், மறு கையால் பௌத்தத்துக்குக் கப்பல். விசாலமான மனம் என்று எண்ணிவிடக் கூடாது. கறுவாக் காடுகளில் பல அரசனின் எல்லைக்குள் இருந்தன. அவன் முகம் கோணினால் பட்டை வராது.

5

உலகின் அடுத்த பக்கத்தில், அமெரிக்கா சுதந்திரம் பெறுவதற்கு நூறு வருடங்களுக்கும் முன்பு, இன்றைய நியூயோர்க் 'நியூ ஆம்ஸ்டர்டாம்' என்ற பெயரில் இன்னொரு ஒல்லாந்தக் கம்பனியான மேற்கிந்தியக் கம்பனியின் துறைமுகமாக இருந்தது. பிரேசிலில் இருந்து 1654இல் யூத அகதிகள் அங்கே வந்தார்கள். ஆளுநர் ஸ்டைவசன்ட் அவர்களைத் துரத்தப் பார்த்தார். ஆம்ஸ்டர்டாமில் இருந்த முதலாளிகள் விடவில்லை: கம்பனியில் யூதர்களின் பணமும் இருக்கிறது என்றார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை ஸ்டைவசன்ட் வதைத்தபோதும் 1663இல் அந்த முதலாளிகளிடமிருந்து கடிதம் வந்தது. ஆட்கள் குடியேறினால்தான் ஊர் வளரும், அமைதியாக இருப்பவர்களின் மனச்சாட்சியைத் தொடாதே என்று.

அங்கே திறக்கச் சொன்னதும் கணக்குப் புத்தகம். இங்கே பூட்டச் சொன்னதும் கணக்குப் புத்தகம். கணக்குத் தந்த சுதந்திரத்தை, கணக்கு மாறினால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

6

ஆனால் அந்த அமெரிக்கக் கதையில் என் மனம் நிற்பது கடிதத்தில் அல்ல. 1657 டிசம்பரில் ஃப்ளஷிங் என்ற சிற்றூரில் முப்பது பேர் அளவில் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள்: குவேக்கர்களை எங்கள் வீட்டில் ஏற்போம், துரத்த மாட்டோம் என்று. கையெழுத்திட்டவர்கள் குவேக்கர்கள் அல்லர். அவர்களுக்கு அதில் ஒரு சதம் இலாபமும் இல்லை. சிலர் சிறைக்குப் போனார்கள்.

இங்கே அப்படி ஒரு மனு எழுத வழி இருக்கவில்லை. எனினும் கதவு திறந்தது. தலைமறைவாக வந்த குருமாருக்குத் தங்கள் கழுத்தைப் பணயம் வைத்துச் சோறும் திண்ணையும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களின் பெயர் ஒல்லாந்தரின் பதிவேடான தோம்பு எதிலும் இல்லை. தோம்பில் இருப்பதோ வேறு பெயர்கள்: உத்தியோகத்துக்கும் கலியாணப் பதிவுக்கும் முதுசத்துக்குமாக ஞானஸ்நானம் பெற்று, வீட்டில் பழைய தெய்வத்தைக் கும்பிட்டவர்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்தபின் கட்டாயம் தளர்ந்தது. அந்தத் தோம்புக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கரைந்து போனார்கள். தடை செய்யப்பட்டிருந்த கத்தோலிக்கம் கரையவில்லை. 1806இல் சட்டமே கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கியது.

7

வணிகத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. செட்டியார் தெரு வணிகர்கள்தான் ஆடிவேல் திருவிழா ரதத்தைக் காலி வீதி நெடுகக் கொண்டுவந்தார்கள். வெள்ளவத்தையில் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று பாராமல் மக்கள் ரதம் பார்க்க நின்றார்கள்.

1983 ஜூலையில் அதே வீதியில் தமிழர் கடைகள் எரிந்தன. 2019 ஏப்ரல் 21ஆம் தேதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. செவ்வாய்க்கிழமைகளில் சைவரும் பௌத்தரும் மெழுகுதிரி ஏற்றும் கோயில் அது. அடுத்த மாதம் வடமேற்கிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம் கடைகளுக்குத் தீ வைத்தார்கள். மதத்தின் பெயரால் தொடங்கும் கோபம் பக்கத்துக் கடைக்காரனின் கல்லாப்பெட்டியில் போய் முடிவதை இந்த நகரம் பல தடவை கண்டுவிட்டது.

அரசும் கம்பனியும் கொடுக்கும் சகிப்பு அவர்கள் வசதிக்கானது. அயலவன் கொடுப்பதுதான் நிலைக்கும். ஆகவே வாசிப்பவரிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்தவரின் வழிபாட்டுக்காக ஒரு மனு உங்கள் வாசலுக்கு வந்தால், அது உங்கள் மதமா என்று பாராமல் கையெழுத்திடுங்கள்.