பசியின் படம்

பாட்டு விற்ற கம்பெனியிலிருந்துதான் உடம்பின் உள்ளே பார்க்கும் கருவியும் வந்தது. இசைத்தட்டுகளோடு மின்னணுக் கருவிகளும் செய்த ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். அவருடைய சி.டி. ஸ்கேன் 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. 1979-ல் ஆலன் கார்மக்குடன் அவருக்கு நோபல் பரிசு. பீட்டில்ஸ் பாட்டு விற்ற காசில் பிறந்த கருவி என்பார்கள். பிரிட்டிஷ் சுகாதாரத் துறை போட்ட பணத்தை மறந்துவிட்ட கதை அது. தற்செயலுக்கு அர்த்தம் கற்பிக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் இரண்டு துறைகளும் இன்று ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: ஒருவனின் பசியை அறிவது அவனை அறிவதாகுமா?

சி.டி. உருவத்தைக் காட்டுகிறது. புற்றுநோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க எடுக்கும் பெட் ஸ்கேன் பசியைக் காட்டுகிறது. புற்றணுக்கள் சர்க்கரையை அளவுக்கு மீறி உண்கின்றன என்று 1920-களில் ஆட்டோ வார்பர்க் கண்டார். கதிரியக்க ஃப்ளோரின் ஏற்றிய, குளுகோஸைப் போன்ற ஒரு பொருளை ஊசியில் செலுத்துகிறார்கள். 110 நிமிஷத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். செல் அதைச் சர்க்கரையென்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. செரிக்க முடியாமல் உள்ளேயே வைத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் படமெடுத்தால் உண்ட இடங்கள் ஒளிர்கின்றன.

ஆனால் மூளையும் ஒளிர்கிறது, அதன் இயல்பான பசியில். நம் நாட்டில் இன்னும் ஒழியாத காசநோய் பற்றிய நெறிக்கட்டியும் புற்றைப்போலவே ஒளிர்கிறது. படம் பொய் சொல்லவில்லை. அது பசி என்றது. நோயின் பெயரை வாசித்தது நாம். அதனால்தான் சந்தேகம் வந்தால் ஊசியால் துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

1994-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிங்கோ என்றொரு ஏற்பாடு செய்தார்கள். ரசிகர்கள் பாடகர்களுக்கு மதிப்பெண் போட, அதேபோல் மதிப்பெண் போட்ட மற்றவர்களின் விருப்பம் சிபாரிசாகத் திரும்பி வந்தது. இன்று மதிப்பெண் கேட்பதுகூட அவசியமில்லை. எதை எத்தனை தடவை கேட்டோம், எந்த இடத்தில் தாண்டினோம் என்பதே போதும். ஒரு தாலாட்டை 40 தடவை கேட்டவன் அதில் லயித்திருக்கலாம், குழந்தை தூங்காமலிருந்திருக்கலாம், இறந்துபோனவளுக்குப் பிடித்த பாட்டாகவும் இருக்கலாம். கருவிக்கு மூன்றும் ஒரே ஒளி. இங்கே சதை எடுத்துப் பார்ப்பவர் யாருமில்லை. ஒளியே தீர்ப்பாகி, அதே ருசியில் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது.

முன்பும் பிறர் ரசனைதானே நம் காதில் விழுந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திண்டுக்கல் டீக்கடைகளில் இலங்கை வானொலியின் நேயர் விருப்பம் கேட்டது. திருவிழாவில் மைக் செட்காரர் போட்டதுதான் பாட்டு. ஆனால் வானொலியில் விரும்பிக் கேட்டவருக்குப் பெயரும் ஊரும் இருந்தன. என் சாயலுக்காக யாரும் அவரைப் பொறுக்கி எடுக்கவில்லை. பிறத்தியானின் ருசி பிறத்தியானுடையதாகவே வந்து என்னை இடித்தது. இப்போது வருவது என்னைப்போலவே தின்கிற, முகமில்லாத கூட்டம். விமர்சனம் இங்கேதான் தேவைப்படுகிறது. எவ்வளவு உண்டோம் என்பதை விட்டு, உண்டது நம்மை என்ன செய்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு தர்மப் பிரச்னையும் உண்டு. இந்தப் பக்கத்திலிருந்து மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துத் திரும்பும் குடும்பங்களில் ரிப்போர்ட்டை முதலில் படிப்பவன் மகன். பல சமயம் படிக்காமலே போகிறவர் நோயாளி. வைப்புத்தொகையை முறிக்க பாங்குக்குக் கூட்டிவரும் பெரியவரிடம் 'வீட்டு வேலைக்கு' என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அன்பினால்தான். ஆனால் அந்த அன்பும் கருவியின் தர்க்கத்தையே பின்பற்றுகிறது: அவரைப்பற்றி எல்லாம் தெரியும், ஆகவே அவரைக் கேட்க வேண்டியதில்லை.

அறியாமலிருக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அதைக்கூட அவர்தான் சொல்ல வேண்டும். மீதி நாட்களில் யாரைப் பார்ப்பது, எதை முடிப்பது, எந்தப் பாட்டைக் கேட்பது என்பது படத்தில் இல்லை. உடம்பு எதை உண்கிறது என்று பிறர் பார்த்துச் சொல்லலாம். மனிதருக்கு என்ன வேண்டும் என்பதை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.