வானில் பொம்மை, மண்ணில் கை

தன் உயிருக்கு ஆபத்து விளையாத செயலில் அறம் சார்ந்த பெருமை ஏதும் உண்டா? சிறு விளையாட்டொன்றே இக்கேள்வியை நம்முன் நிறுத்துகின்றது.

வானொலி அலையால் இயங்கும் மாதிரி விமானங்களைக் கொண்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வான்சாகசப் போட்டிகள் நடைபெறுகின்றன. மனிதர் ஏறிப் பறக்கும் சாகச விமானத்தின் அளவுமாதிரியாகவே அவை அமைதல் வேண்டும். வளையமிடல், உருளல், தலைகீழாகப் பறத்தல் முதலியவற்றை ஒழுங்கு பிசகாது வானில் வரைந்து காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளிகள். கோடு சாய்ந்தால் புள்ளி குறையும்; வரிசை பிழைத்தால் பூச்சியம். பறந்து பழக அனுமதியில்லாத வரிசையொன்றும் உண்டு. துணைவர் அருகில் நின்று வாசிக்க, நடுவர் முன்னிலையிலேயே அதனை முதன்முறையாக நிகழ்த்த வேண்டும்.

அப்போட்டியின் விதியொன்று சிந்தனைக்குரியது. விமானியின் இருக்கையில் ஒரு மனிதப் பொம்மை இருத்தல் வேண்டும். இல்லையேல் புள்ளியில் ஒரு வீதம் கழிக்கப்படும். விமானம் நொறுங்கினால் பொம்மையே மடிகின்றது. இயக்கியவர் தரையில் நலமாக நிற்கின்றார்.

கல்முனைக் கடற்கரையில் பட்டம் விடும் சிறுவனின் நிலை வேறு. காற்றின் இழுவை நூல்வழியே அவன் விரலை வந்தடைகின்றது. சிலவேளை விரலை அறுக்கவும் செய்கின்றது. செயலும் விளைவும் அங்கே ஒரே நூலின் இரு முனைகள். வானொலி அலை அந்த நூலை இல்லாமற் செய்துவிட்டது. ஆயினும் போட்டியாளர் பொறுப்பிலிருந்து விடுபட்டாரில்லை. அவர் விமானத்தைப் பார்க்கின்றார். நடுவரும் மக்களும் அவரைப் பார்க்கின்றனர். பிழை நேர்ந்தால் அது யாருடைய பிழை என்பது அக்கணமே யாவர்க்கும் தெரிந்துவிடுகின்றது.

இதே கருவிக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1898-இல் வானொலியால் இயங்கும் படகொன்றை நியூயோர்க்கில் காட்டிய நிக்கொலா தெஸ்லா, அது போர்க்கருவியாகவும் பயன்படும் எனக் கருதினார். மாதிரி விமானங்களில் ஈடுபாடு கொண்ட ஹொலிவூட் நடிகர் ரெஜினால்ட் டென்னியின் நிறுவனம், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரின் சுடுபயிற்சிக்கென ஆளில்லா விமானங்களை ஆயிரக்கணக்கில் செய்தது. 2001-இல் அத்தகைய விமானங்கள் ஆப்கானிஸ்தானின் மீது ஏவுகணைகளைச் சுமந்து பறந்தன.

2021 ஓகஸ்ற் 29 அன்று, அமெரிக்கப் படையினர் காபூலில் ஒரு காரைச் சுமார் எட்டு மணித்தியாலம் வானிலிருந்து கவனித்த பின் அதனைத் தாக்கினர். ஏழு குழந்தைகள் உட்படப் பொதுமக்கள் பத்துப் பேர் மாண்டனர். செப்ரெம்பர் 17 அன்று தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது. டிசெம்பரிலோ எவருக்கும் தண்டனை இல்லை என்று அறிவிக்கப்பட்டது.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. தாக்கியவர்கள் பார்க்காமல் தாக்கவில்லை. நெடுநேரம் பார்த்த பின்னரே தாக்கினார்கள். ஆனால் மடிந்தவர்கள் அவர்களைப் பார்க்க இயலவில்லை. அவர்களுக்குப் புள்ளியிட எந்த நடுவரும் அங்கு நிற்கவில்லை. அணிந்தவனை மறைக்கும் மோதிரம் பெற்ற இடையனின் கதையைப் பிளேட்டோவின் 'குடியரசு' கூறுகின்றது. தன்னை எவரும் காணார் என்று அறிந்தவன் நேர்மையாக நடப்பானா என்பதே அங்கு எழும் வினா. அம்மோதிரம் இன்று தனிமனிதனின் விரலில் இல்லை; வல்லரசுகளின் விரலில் இருக்கின்றது.

ஆதலின் தொலைவைக் குற்றவாளியாக்குவதில் பொருளில்லை. ஆபத்தின்மையும் குற்றமன்று, விளையாட்டில் ஒருவர் சாகவேண்டும் என்று விரும்புவது வீரமாகாது. பதில் சொல்லத் தேவையற்ற தொலைவே கொடியது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின்னர், ஆளில்லா வானூர்திகள் பறப்பதை இலங்கை அரசு இடைநிறுத்தியது. கருவியை நிறுத்துவது எளிது. ஓர் அறிவித்தல் போதும். அதனை இயக்கும் கையைப் பொறுப்பேற்கச் செய்வதற்கு விழிப்புற்ற மக்கள் வேண்டும்.

நம் மாணவர்கள் இக்கருவிகளைச் செய்யவும் இயக்கவும் ஆர்வம் கொண்டுள்ளனர். அவ்வார்வத்தை நாம் வரவேற்போம். அலை எவ்வாறு செல்கின்றது என்பதைக் கற்பிக்கும் அதே வகுப்பில், அது சென்று சேருமிடத்தில் வாழ்பவர்க்கு யார் பதில் சொல்வது என்ற வினாவையும் எழுப்புவோம்.