பக்க வாசல்

வேதாரண்யத்துக்காரர்களிடம் கதவைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. வேதங்கள் அந்த ஊரில் இறைவனைப் பூஜித்துவிட்டுக் கோயிலின் பெரிய கதவை அடைத்துவிட்டுப் போயின. வெகு காலம் அது அப்படியே கிடந்தது. அப்பரும் சம்பந்தரும் வந்தார்கள். அப்பர் பாடக் கதவு திறந்தது, சம்பந்தர் பாட மூடிக்கொண்டது. எல்லோருக்கும் தெரிந்த கதை. திறப்பதற்கு அப்பருக்கு ஒரு பதிகம் முழுவதும் வேண்டியிருந்தது, மூடுவதற்குச் சம்பந்தருக்கு முதல் பாட்டே போதுமாயிருந்தது, அதில் அப்பருக்கு மனவருத்தம் என்பதையும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் சேக்கிழார் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற ஒரு செய்தியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பெரிய கதவு மூடிக் கிடந்த காலத்தில் ஊரார் சாமி கும்பிடாமல் இருந்துவிடவில்லை. பக்கத்தில் வேறொரு வாசலை வைத்துக்கொண்டு அதன் வழியாகப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இந்தப் பக்க வாசலைப் பற்றி யோசிக்கும்படியான ஒரு விவகாரம் அந்த ஊரிலேயே, என் மாமா வீட்டில் நடந்தது.

மாமா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டுப் பைத்தியம். நாற்பது வருஷமாகச் சேர்த்த இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் இரண்டு பீரோ நிறைய இருந்தன. கடையில் வாங்கியவை பாதி. மீதி, ரேடியோவுக்கு எதிரே டேப் ரிக்கார்டரை வைத்து அவரே பிடித்தவை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது அந்த வீட்டின் ஓடுகள் பறந்தன. பீரோவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. ஊரில் மா, தென்னை, உப்பளம் எல்லாம் போய், வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் ஜனங்கள் தவித்துக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் ஒரு மனிதர் ஒலிநாடாக்களைத் திண்ணையில் நிழலில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார் என்றால், பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிழைத்தது பாதி. அதை மாமா பிள்ளை கணினியில் ஏற்றினான். ஒரு சின்னப் பெட்டி, புத்தகம் அளவு இருக்கும். அதை வீட்டிலேயே கூடத்து அலமாரியில் வைத்து, வீட்டு இன்டர்நெட்டோடு இணைத்து, 'ஜெல்லிஃபின்' என்று ஒரு மென்பொருளை அதில் போட்டுவிட்டான். காசில்லாமல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். அதுவும் 2018 டிசம்பரில்தான் தோன்றியதாம். புயலுக்கு அடுத்த மாசம். யாருக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கிறோமோ அவர் எந்த ஊரில் இருந்தாலும் மாமா வீட்டு அலமாரியைத் திறந்து, வேண்டிய பாட்டை எடுத்துக் கேட்கலாம். சிங்கப்பூரில் இருக்கும் மாமாவின் பெண், திருச்சியில் இருக்கும் சின்ன மாமா, கும்பகோணத்தில் இருக்கும் நான், மூன்று பேருக்கும் சாவி கிடைத்தது. வேதாரண்யத்தில் மின்சாரம் போனால் சிங்கப்பூரில் பாட்டு நிற்கும். அதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் கூட உண்டு. பொருள் இன்னும் ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்று அது ஞாபகப்படுத்துகிறது அல்லவா?

போன தை மாசம் போயிருந்தபோது மாமா என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டுக் கணினித் திரையைக் காட்டினார்.

"தம்பி, இதைப் பாரு. நம்ம நேரம் பதினொன்றரை. அவளுக்கு ராத்திரி ரெண்டு மணி. வாரத்துல மூணு நாள் இதே பாட்டு. ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு ஆனதும் நிறுத்திடுறா. திரும்ப மொதல்லேருந்து."

அந்தப் பெட்டி பாட்டைக் கொடுப்பதோடு நிற்பதில்லை. யார், எப்போது, எதை, எத்தனை நிமிஷம் கேட்டார்கள் என்று கணக்கும் எழுதி வைக்கிறது. மாமா தினமும் காலையில் காப்பி குடித்ததும் அந்தக் கணக்கைப் பார்க்கிறார்.

பாட்டை ஓடவிட்டார். பழைய சினிமாப் பாட்டு, ரேடியோவிலிருந்து பிடித்தது. இரண்டு நிமிஷம் ஆகும்போது பாட்டுக்குக் குறுக்கே ஒரு பெண் குரல்: "கொழம்பு கொதிக்குது, யாராச்சும் வந்து எறக்குங்களேன்." அத்தையின் குரல். அத்தை இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒலிப்பதிவு கெட்டுப்போயிற்று என்று அன்றைக்கு மாமா அத்தையைக் கோபித்துக்கொண்டிருப்பார், நிச்சயம்.

"என்ன மாமா, வேவு பார்க்கிறீங்களா?" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன், ஆனால் சொல் கொஞ்சம் கனமாக விழுந்துவிட்டது.

"வேவு என்னடா வேவு? வீட்டுக்கு யாராச்சும் வந்தா வாசல்ல செருப்பு கெடக்கும். யாரு செருப்புன்னு பாக்குறது வேவா?"

இதற்கு எனக்கு உடனே பதில் சொல்லத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பதிலை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவனுக்கு, தன் செருப்பு வாசலில் கிடக்கிறது என்பது தெரியும். யாராவது பார்ப்பார்கள் என்பதும் தெரியும். பார்க்கக் கூடாது என்று நினைத்தால் கொல்லைப்புறமாக வருவான். நடுராத்திரியில் தாயின் குரலைக் கேட்கிற பெண்ணுக்கு, வேதாரண்யத்துக் கூடத்தில் ஒரு திரையில் அது இரண்டு நிமிஷம் பத்து விநாடி என்று பதிகிறது என்பது தெரியுமா? தெரியாது என்றால் மாமா பார்ப்பது செருப்பை அல்ல, அவள் முகத்தை.

பழைய காலத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 1952-ல் மத்திய மந்திரியாக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு சங்கீத ருசியைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஓரங்கட்டினார். ஜனங்கள் ருசியைத் திருத்திக்கொள்ளவில்லை, முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்துக்கொண்டார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்க வேண்டி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேதாரண்யம் மாதிரி கடற்கரை ஊர்களில் கொழும்பு அடுத்த வீட்டில் பாடுவது போலக் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதுவும் ஒரு பக்க வாசல்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு இசைத்தட்டுக் களஞ்சியத்தை இந்தப் பக்கத்தில் ஒரு குடும்பம் பாயில் படுத்தபடி அனுபவித்தது. ஆனால் பாட்டு போட்டவருக்கு, கேட்டவர் யார் என்று தெரியாது. தெரியவேண்டும் என்று நினைத்தவர் தபால் கார்டு எழுதிப் போட்டார். அவர் பெயரை அடுத்த வாரம் வாசித்தார்கள். எழுதாதவரின் இரவு அவருடையதாகவே இருந்தது.

இப்போதைய பெட்டி, நாம் எழுதாத கார்டைத் தானே எழுதிப் போட்டுவிடுகிறது. 'ப்ளெக்ஸ்' என்று இதே ஜாதியைச் சேர்ந்த, இன்னும் பிரபலமான ஒன்று உண்டு. 2023 நவம்பரில் அந்தக் கம்பெனி, உங்கள் சிநேகிதர்கள் இந்த வாரம் என்னென்ன பார்த்தார்கள் என்று ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்தது. தம் வீட்டு அலமாரியில் இருந்ததைத் தாம் பார்த்த செய்தி சிநேகிதர் கைக்குப் போய்விட்டதைக் கண்டு பலர் பதறிப்போனார்கள். பதறியவர்கள் எல்லாம் தப்பான படம் பார்த்தவர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. ஒரே சோகப் பாட்டை ஏழு தடவை கேட்டதுகூட வெளியில் சொல்லிக்கொள்கிற விஷயம் அல்ல.

இதைச் சொல்லும்போது சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் எடுத்தாள்வதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஒலிப்பதிவுக்கு அறுபது வருஷம்தான் உரிமை, 1960-ல் வெளியான தட்டுக்கு 2020 முடிவோடு அது தீர்ந்துவிட்டது. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் கணக்கு வேறு. மாமா தன் பெண்ணுக்கும் தம்பிக்கும் கொடுத்த சாவியைப் பற்றி எந்தப் பாடகரும் வருந்தமாட்டார் என்று நம்புகிறேன். அந்தச் சாவியைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தால் அது வியாபாரம் இல்லாத கடை. அதற்கு நான் பரிந்து பேசமாட்டேன்.

எனக்குச் சட்டத்தைவிடச் சுவாரசியமாகப் படுவது, வீடு என்றால் யார் என்ற கேள்வி. 2017-ல் பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்வதுதான் அன்பு என்கிற பொருளில் ட்விட்டரில் எழுதிய நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி, 2023 ஜூலையில் இந்தியச் சந்தாதாரர்களிடம், ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டது. வீடு என்றால் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள். நம் ரேஷன் கார்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறது. கல்யாணம் ஆன பெண்ணின் பெயரை அடித்துவிடுகிறார்கள். ஆனால் அவள் பிரசவத்துக்கு எங்கே வருகிறாள், அவள் பாவாடை எந்தப் பெட்டியில் இன்னும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால் கார்டு விழிக்கும். மாமாவின் சின்னப் பெட்டி இந்த விஷயத்தில் கம்பெனியைவிட நம் குடும்பத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் இருந்தாலும் அவள் இந்த வீட்டுப் பெண் என்று ஒப்புக்கொள்கிறது.

ஒப்புக்கொண்டு என்ன செய்கிறது? பொருளைத் தருவதில்லை, சாவியைத் தருகிறது. இங்கேதான் எனக்கும் மாமாவுக்கும் உண்மையான தகராறு.

"அந்த ஒரு பாட்டையாவது அவளுக்குப் பிரதி எடுத்து அனுப்பிடுங்களேன் மாமா" என்றேன். "நாளைக்கு இன்னொரு புயல் வரும். பெட்டி போயிடும். உ.வே.சா. வீடு வீடாப் போனப்போ எத்தனை இடத்துல, ஆத்துல விட்டாச்சுன்னு கைவிரிச்சாங்க!"

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிரதி குடுத்துட்டா அவ இங்க வரமாட்டாளே" என்றார்.

அவர் சொன்ன 'இங்க', அந்த அலமாரி. பதினொன்றரை மணிக்கு அவள் வந்துபோனதாகத் திரை சொல்கிற அந்த இரண்டு நிமிஷம். கேட்கிறபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. இருந்தாலும் நியாயம் வேறு பக்கம்தான் இருக்கிறது என்று இன்றும் நினைக்கிறேன். விலைக்கு வாங்கிய பாட்டு மாமாவுடையது. அதற்குச் சாவி கொடுப்பது அவருடைய பெருந்தன்மை, எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். குழம்பை இறக்கச் சொன்ன குரல் அப்படியா? அதில் பெண்ணுக்கு இருப்பது சலுகை அல்ல, பங்கு. பங்குக்குச் சாவி கொடுத்துவிட்டுக் கணக்கும் எழுதிக்கொண்டிருப்பது, நிலத்தைப் பாகம் பிரிக்காமல் ஆண்டு முழுவதும் நெல் அனுப்பிக்கொண்டிருக்கிற அண்ணன் காரியம் மாதிரி. நெல் ஒழுங்காக வரும். ஆனாலும் நிலம் நிலந்தான்.

விளக்கிலிருந்து விளக்கை ஏற்றினால் எது குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்கிற ஊரில் அந்த உவமைக்குக் கௌரவம் அதிகம். பிரதி கொடுப்பதற்குத்தான் அது பொருந்தும். சாவி கொடுப்பது விளக்கை ஏற்றிக் கொடுப்பது அல்ல, ஜன்னலைத் திறந்து வைத்து என் வெளிச்சத்தில் படித்துக்கொள் என்பது. திரி என் கையில்தான் இருக்கிறது.

அப்பர் கதவைத் திறந்ததும் வேலை முடிந்தது என்று போய்விடவில்லை. மூடவும் பாடும்படி சம்பந்தரைக் கேட்டுக்கொண்டார். இதை எத்தனையோ தடவை கேட்டும் இப்போதுதான் உறைக்கிறது. திறந்தே கிடக்கிற கதவும் கதவல்ல. உள்ளே இருக்கிறவனுக்கு மட்டும் அல்ல, வெளியிலிருந்து வருகிறவனுக்கும் தனக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொள்கிற உரிமை வேண்டும்.

கடைசியில் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணிடம் போனில் சொல்லிவிட்டார்: இப்படி ஒரு கணக்கு இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உனக்குப் பிரதி அனுப்பிவிடுகிறேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"தெரியும்ப்பா" என்றாள் அவள். "அண்ணன் அன்னிக்கே சொல்லிட்டான். பிரதியும் எங்கிட்ட இருக்கு. போன்லயே வச்சிருக்கேன்."

"பின்ன எதுக்கும்மா இங்க வந்து…"

"நீங்க காலையில பாப்பீங்கன்னுதான்."

ஆக, அது தபால் கார்டுதான். அவளே எழுதிப் போட்டது. மாமா போனை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், ஜெயித்துவிட்டவர் மாதிரி. தெரிந்து விட்ட செருப்பு என்பதால்தான் அது செருப்பு என்று நான் விடாமல் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

சின்ன மாமாவுக்கு மட்டும் கணக்கு விஷயம் தெரியாமலிருந்தது. அதைச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. சொன்ன பிறகு பத்து நாள் அவர் பெயர் பட்டியலில் இல்லை. பிறகு வந்தது. அதற்கு முன்பெல்லாம் மத்தியானத்தில் டூயட் பாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது தினமும் காலை ஆறு மணிக்குத் தேவாரம் கேட்கிறார், ஒரு மணி நேரம், முழுசாக.

"அவனுக்காவது காலையில ஆறு மணிக்கு முழிப்பு வர்றதாவது" என்று மாமா போனில் சிரித்தார். "ஓடவிட்டுட்டுத் தூங்குறான். பாவம், மத்தியானப் பாட்டை விட்டுட்டு எத்தனை நாள் கஷ்டப்படுவான்? அவன் பேருக்குக் கணக்கை எடுத்துடச் சொல்லு, தம்பி. எடுத்தாச்சுன்னு அவன்கிட்டயும் சொல்லிடு."