தூரத்தை அளப்பவர் யார்?

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. அலுவலகம் சற்றுத் தள்ளிப் போனாலும் நமக்குப் பெருங்குறை இல்லை. வரி கட்ட ஆண்டில் ஓரிரு நாள்தானே செல்கிறோம்!

பிள்ளைகள் குறைந்த இரு பள்ளிகளை ஒன்றாக்குவதையும் இதே கணக்கில் வைத்துப் பேசுவோர் உண்டு. அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஓராசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஒரே கூடத்தில் நடத்துவது கல்வியன்று. தோழரில்லாத வகுப்பில் பிள்ளைக்கு விளையாட்டும் இல்லை.

ஆயினும் பள்ளிக்கு நாள்தோறும் நடப்பது ஆறு வயதுப் பிள்ளையன்றோ? கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கின்றன. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தெருவும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு தெருவும் வரைபடத்தில் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். நடுவே தண்டவாளங்களும் ஜி.எஸ்.டி. சாலையும் கிடக்கின்றன. பெரியவர்களே தயங்கி நிற்கும் இடம் அது.

மிச்சமாகும் பணம் அரசின் கணக்கில் ஏறுகிறது. கடக்கவேண்டிய சாலையோ, கூலி வேலைக்குச் செல்லும் தாயின் கணக்கில் ஏறுகிறது. அவள் தன் கூலியை விடுவாள். அல்லது பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுவாள். இந்த இழப்பையும் எழுதிச் சேர்க்காத கணக்கை நேர்மையான கணக்கென்று நாம் ஏற்பதற்கில்லை. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி ஒரு பருவமாவது தவறாமல் ஓடிய பின்னரே பழைய பள்ளியைப் பூட்டட்டும்.