பிறர் துயரில் பயிலுதல்

நம் பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், இளங்கலைப் பட்டம் பெற்றபின் சமூகப்பணி முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தார். ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் அச்செய்தியைச் சொன்னபோது, முப்பது ஆண்டுகளாகப் புனித வின்சென்ட் தே பவுல் சபையில் உழைத்துவரும் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, ஏழைக்கு உதவி செய்யறதுக்குக்கூட ரெண்டு வருஷம் காலேஜுக்குப் போகணுமா?” அந்தப் பெண் புன்னகைத்தாரேயன்றி மறுமொழி கூறவில்லை. அருகில் நின்ற நாமோ அக்கேள்வியை வீடுவரை சுமந்து வந்தோம்.

கேள்வி எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. நோயுற்ற அண்டை வீட்டாருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டு செல்லும் தாய் எந்தக் கல்லூரியில் பயின்றாள்? இரக்கத்திற்குத் தேர்வும் மதிப்பெண்ணும் வைத்தால் அது நாளடைவில் பதவியாகும். பதவியானபின் ஊதியமும் கோப்பும் மிஞ்சி, ஈரம் வற்றிவிடும் என்று பெரியவர் அஞ்சியிருக்கலாம். அந்த அச்சம் நமக்கும் உண்டு.

ஆயினும், அப்பெரியவர் சார்ந்த சபை யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அப்புனிதரின் வாழ்விலேயே இதற்கு ஒரு பதில் கிடைக்கிறது. 1617ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் சாத்தியோன் என்னும் சிற்றூரில் வின்சென்ட் பங்குத்தந்தையாக இருந்தார். ஊருக்கு வெளியே ஒரு குடும்பத்தார் அனைவரும் நோயுற்றுக் கிடப்பதாக அறிந்து, அதனை மறையுரையில் எடுத்துரைத்தார். பிற்பகல் அவர் அவ்வில்லத்திற்குப் புறப்பட்டபோது வழியெங்கும் உணவு சுமந்து செல்வோரும் திரும்புவோருமாகக் கண்டார். அவர் உள்ளம் மகிழ்ந்தது. உடனே கவலையும் கொண்டது. இன்று வந்து குவிந்த உணவு நாளை கெட்டுவிடும். நாளை மறுநாள் அக்குடும்பம் மீண்டும் பட்டினி கிடக்கும் அன்றோ? அன்பு இருக்கிறது, ஒழுங்கு இல்லை என்று உணர்ந்த அவர், முறைவைத்துச் சென்று நோயாளரைப் பேண அவ்வூர்ப் பெண்களை ஓர் அமைப்பாகக் கூட்டி, அதற்கென ஒழுங்குவிதிகளையும் எழுதித் தந்தார்.

பிற்காலத்தில் இதே உணர்வே கல்விக்கூடமாக வளர்ந்தது. நியூயார்க் நகரில் ஏழைகளின் இல்லங்களைச் சந்திப்போருக்காக 1898இல் ஒரு கோடைக்காலப் பயிற்சி தொடங்கப்பட்டது. ‘சமூக நோயறிதல்’ என்று பொருள்படும் தலைப்பில் மேரி ரிச்மண்ட் 1917இல் ஒரு நூல் வெளியிட்டார். மருந்து கொடுக்குமுன் நோயை அறிவதுபோல, உதவி தருமுன் வாழ்வை அறியவேண்டும் என்ற கருத்தை அத்தலைப்பே உணர்த்துகிறது. நம் நாட்டில் 1936இல் பம்பாயில் சர் தொராப்ஜி டாடா பெயரால் சமூகப்பணிக்கான பட்டமேற்படிப்புப் பள்ளி தோன்றியது. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சமூகப்பணிப் பள்ளி உருவாயிற்று.

இரண்டு ஆண்டுகளில் கற்பிப்பது என்ன? தனி மனிதரோடும், குழுக்களோடும், ஊர் மக்களோடும் இணைந்து பணியாற்றும் முறைகள். மனித வளர்ச்சி, சட்டம், நிர்வாகம், ஆய்வு. வகுப்பறையோடு இது முடிவதில்லை. வாரத்தில் ஏறத்தாழ இரு நாள் மாணவர் மருத்துவமனைக்கோ, பள்ளிக்கோ, குடிசைப் பகுதிக்கோ, முதியோர் இல்லத்திற்கோ களப்பணிக்குச் செல்கிறார். கண்டதையும் கேட்டதையும், தாம் பேசியதையும் அறிக்கையாக எழுதுகிறார். வழிகாட்டும் ஆசிரியர் அதனைப் படித்துவிட்டு, “இந்த இடத்தில் ஏன் அறிவுரை கூறினீர்? அது யாருடைய தேவை, அவருடையதா, உம்முடையதா?” என்று கேட்பார். நம்மில் எத்தனை பேரிடம் இக்கேள்வியை எவரேனும் கேட்டிருக்கிறார்கள்?

இயேசு சபைக் குருவான பீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் எழுதிய நூல், உதவுவோருக்கும் உதவி நாடுவோருக்கும் இடையிலான உறவுக்கு ஏழு நெறிகளை வகுத்தது. அவரவரைத் தனித்தன்மையுள்ள மனிதராக மதித்தல், தீர்ப்பிடாமை, தம் வாழ்வைத் தாமே முடிவு செய்யும் அவர்களது உரிமையை ஏற்றல், சொன்னதை மறைவாகக் காத்தல் ஆகியவை அவற்றுள் சில. இவற்றை உரைகல்லாக வைத்து நம் இல்லச் சந்திப்புகளை உரசிப் பார்ப்போம். பிள்ளைகள் முன்னிலையில் குடிகாரத் தந்தையைக் கடிந்துகொண்டதில்லையா? உதவித்தொகை வாங்கும் கைம்பெண்ணை மேடையில் நிறுத்தி நிழற்படம் எடுத்ததில்லையா? நம் நோக்கம் நல்லதாயினும் அவர்கள் புண்பட்டார்கள். உதவத் தொடங்குவதற்கு அன்பு போதும். உதவும்போது பிறரைப் புண்படுத்தாதிருக்கப் பயிற்சியும் வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப்பணியாளருக்கு முதுகலைப் பட்டத்தின் மேலும் ஈராண்டுப் பயிற்சியைக் கேட்பது இதனாலேயே என்று கருதுகிறோம்.

பெரியவரின் கேள்விக்கு இவ்வளவில் விடை கண்டோம் என்று இருந்தோம். ஆனால் இரண்டாம் ஆண்டின் முடிவில் அதே பெண் நம்மைச் சந்தித்து, அதனினும் கடினமான ஒரு கேள்வியை வைத்தார்.

அவர் களப்பணிக்குச் சென்ற அரசு மருத்துவமனையில், சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண்ணோடு ஒரு மூதாட்டி நெடுநாள் இருந்தார். பார்க்க வரும் உறவினர் எவருமில்லை. வாரந்தோறும் அவரருகே அமர்ந்து, அவர் வாழ்க்கைக் கதை முழுவதையும் இப்பெண் கேட்டார். பெயரை மறைத்து அறிக்கை எழுதினார். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. பருவம் முடிந்து விடைபெறச் சென்ற நாளில் மூதாட்டி கேட்டாராம்: “நீ போயிட்டா நான் யாருகிட்ட பேசுவேன், கண்ணு?”

“அந்த அம்மாவின் கண்ணீரை வைத்துத்தானே நான் மதிப்பெண் வாங்கினேன்? இது சரியா?” என்று அவர் நம்மைக் கேட்டார். நாம் உடனே விடை சொல்ல இயலவில்லை.

மருத்துவ மாணவரும் ஏழை நோயாளியின் உடலைத் தொட்டே கற்கிறார். சமூகப்பணி மாணவருக்கோ ஒருவருடைய தனிமையும் அவமானமும் இழப்புமே பாடநூலாகின்றன. அவரை எவரும் ஆசிரியராக நியமிக்கவில்லை. அவருக்கு ஊதியமும் இல்லை. இன்று கற்பதால் நாளை நூறு பேர் பயனடைவர் என்று கூறலாம். அது உண்மையே. ஆயினும் அந்த நூறு பேருக்காகத் தன் துயரைக் கடனாகத் தரும் பொறுப்பு அம்மூதாட்டிக்கு இல்லை.

ஆகவே பிறர் துயரில் பயில்வோருக்குச் சில கடமைகள் உண்டு என்று நாம் எண்ணுகிறோம். “நான் மாணவி, இந்த நாள்களில் வருவேன், இந்த மாதத்தோடு போய்விடுவேன்” என்பதை முதல் நாளே சொல்லவேண்டும். எழுதுவதற்கு இசைவு கேட்கவேண்டும். பிரிவுக்கு முன்கூட்டியே ஆயத்தப்படுத்தி, உடனிருக்கக்கூடிய ஒருவரிடம் அவரை ஒப்படைக்கவேண்டும். பாடத்திட்டமும் இவற்றைச் சொல்கிறது. இத்தனையும் செய்தபின்னும் கடன் தீராது. தீராமல் இருப்பதே நன்று. தம்மைக் கொடையாளி என்று எண்ணுகிறவரின் உள்ளம் விரைவில் காய்ந்துவிடும். கடன்பட்டவர் என்பதை மறவாதவர் அடுத்த கட்டிலருகே செல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஒப்படைக்க ஓர் ஆள் வேண்டும் என்றவுடன் நம் இருவர் நினைவிலும் வந்தவர் கோயில் முற்றத்துப் பெரியவரே. பட்டம் பெறுவோர் ஊர் ஊராகச் செல்வர். அவரோ இங்கேயே இருப்பவர். மூதாட்டியின் சம்மதத்தைக் கேட்டறிந்தபின், அப்பெண் பெரியவரை அழைத்துச் சென்று அறிமுகம் செய்தார். போகும் வழியில் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டாராம்: “ஐயா, முதல் நாளே புத்திமதி சொல்லிடாதீங்க.”

இப்போது வெள்ளிதோறும் பெரியவர் அங்குச் செல்கிறார். அண்மையில் அவரைக் கண்டு, எப்படி இருக்கிறது என்று வினவினோம். சற்று நேரம் எண்ணிவிட்டுச் சொன்னார்: “அந்த அம்மா பேசுது, நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். முப்பது வருஷமா எல்லா வீட்லயும் நான்தானே பேசிக்கிட்டிருந்தேன்!”